பிடுங்கிட்டுப் போன போனை "தொலைஞ்சு போச்சு"ன்னு எழுதச் சொல்றாங்க, கையெழுத்து போடலாமா?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். மதுரைக்கு வெளிய புதுசா வீடு வந்துக்கிட்டு இருக்கற ஏரியா எங்களது, பேரு வேணாம். முந்தாநாள் சாயங்காலம் இருட்டுற நேரம், அப்பா பால் வாங்கிட்டு நடந்து வந்துக்கிட்டு இருந்திருக்காரு, பின்னாடி பைக்ல ரெண்டு பேரு வந்து கையில இருந்த போனை பிடுங்கிருக்காய்ங்க, அவரு விடாம பிடிக்கவும் கீழ தள்ளி விட்டுட்டு போயிட்டாய்ங்க. முழங்கை, முட்டி ரெண்டுலயும் நல்ல சிராய்ப்பு. ராத்திரியே ஸ்டேஷனுக்கு போனோம். ரைட்டர் மனுவ வாசிச்சுட்டு, "பிடுங்கிட்டு போனாங்கன்னு எழுதாதீங்க சார், நடந்து வரும்போது எங்கயோ தவறி விழுந்துருச்சுன்னு எழுதிக் குடுங்க, இப்பவே ரசீது போட்டுத் தர்றேன், அத வச்சு சிம் வாங்கிக்கலாம், போனையும் ட்ரேஸ் பண்ணிரலாம்"னு சொல்றாரு. மரியாதையாத்தான் பேசினாரு, அது வேற விஷயம். நான் கையெழுத்து போடாம காலையில வர்றேன்னு வந்துட்டேன்.

வீட்டுல எல்லாரும் ஒரு போனுக்கு இவ்வளவு அலையணுமாங்கறாங்க. ஆனா எங்க தெரு, பக்கத்துத் தெருன்னு விசாரிச்சுப் பாத்தா இதே மாதிரி இன்னும் மூணு நாலு பேருக்கு போயிருக்கு, அத்தன பேரும் தொலைஞ்சதாத்தான் எழுதிக் குடுத்திருக்காங்க. அப்ப ஸ்டேஷன் கணக்குல எங்க ஏரியால ஒரு வழிப்பறி கூட நடக்கலன்னுதானே அர்த்தம்? கையெழுத்து போடணுமா, போடலன்னா அடுத்து என்ன பண்றது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டெலிவரி_தம்பி:
அண்ணே சட்டமெல்லாம் அப்புறம், மொதல்ல சிம்ம பிளாக் பண்ணிட்டீங்களா? பேங்க்குக்கு போன் பண்ணி அந்த நம்பர்ல இருக்கற யூ.பி.ஐ.ய நிறுத்தச் சொல்லுங்க. இப்ப போனை பிடுங்கறவன் நிறைய பேரு போனை விக்கறதுக்காக மட்டும் பிடுங்கறதில்ல, லாக் போடாம இருந்தா அதுல இருக்கற காசத்தான் மொதல்ல பாக்கறான், பெரியவங்க போன்ல பெரும்பாலும் லாக்கே இருக்காது. காசு போயிருந்தா ஒரு நிமிஷம் கூட லேட் பண்ணாம சைபர் கிரைம் நம்பர் 1930க்கு அடிங்க. அப்புறம் போன் டப்பாவுல ஐ.எம்.ஈ.ஐ. நம்பர், அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண், இருக்கும், மத்திய அரசோட சஞ்சார் சாத்தி தளத்துல சி.இ.ஐ.ஆர்.னு ஒரு பகுதி இருக்கு, அதுல போலீஸ்ல குடுத்த புகார் காப்பியோட போட்டா இந்தியா முழுக்க எந்த சிம் போட்டாலும் அந்த போன் வேலை செய்யாது. நான் ராத்திரி ஒரு மணி வரைக்கும் வண்டி ஓட்டறவன், எங்க பசங்கள்ல பாதி பேருக்கு இந்த அனுபவம் இருக்கு.

வைகைக்கரை:
சிம், பேங்க் ரெண்டும் அன்னைக்கு ராத்திரியே நிறுத்தியாச்சு தம்பி, காசு போகல. டப்பா இருக்கு.

பொருநை_வக்கீல்:
அண்ணாச்சி, கையெழுத்து போடாதீங்க. ஏன்னு கொஞ்சம் விளக்கமா சொல்லுதேன், நீளமா இருந்தாலும் பொறுமையா வாசிங்க.

சி.எஸ்.ஆர்.னு குடுக்கற மனு ரசீது, நீங்க ஒரு மனு குடுத்தீங்கங்கறதுக்கு மட்டுந்தான் அத்தாட்சி. அதுல வழக்கு கிடையாது, மாஜிஸ்திரேட்டுக்கு ஒரு தாள் கூட போகாது. எஃப்.ஐ.ஆர். போட்டா அது கோர்ட்டுக்குப் போயே ஆகணும், அதுக்கப்புறம் அந்த வழக்க என்ன பண்ணினாங்கன்னு போலீஸ் பதில் சொல்லணும். கைது செய்யக்கூடிய குற்றம் நடந்திருக்குன்னு மனுவ பாத்தாலே தெரிஞ்சா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னு லலிதா குமாரி வழக்குல 2013லயே சுப்ரீம் கோர்ட்டோட அஞ்சு நீதிபதிகள் சொல்லியாச்சு.

2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம். அதுல பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு (சி.ஆர்.பி.சி.) பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ். 173ஆவது பிரிவுதான் இப்ப எஃப்.ஐ.ஆர். பத்தினது. அதுல ஒரு சின்ன வாசல தெறந்து வச்சிருக்காங்க, மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷத்துக்குள்ள தண்டனை உள்ள குற்றம்னா டி.எஸ்.பி. அனுமதி வாங்கி 14 நாளைக்குள்ள முதல் கட்ட விசாரணை பண்ணிட்டு அப்புறம் போடலாம்னு. பிடுங்கிட்டுப் போறதுக்குன்னே, ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.ல 304னு புதுசா ஒரு பிரிவு வந்திருக்கு, அதுக்கு மூணு வருஷம் வரைக்கும் தண்டனை, அதனால இந்த 14 நாள் கணக்க உங்ககிட்ட சொல்லலாம். ஆனா உங்க அப்பா விஷயம் அதோட நிக்கல. போனைக் கொண்டு போறதுக்காக அவர கீழ தள்ளிக் காயப்படுத்தியிருக்கான். அது பி.என்.எஸ். 309, வழிப்பறி, பத்து வருஷம் வரைக்கும் தண்டனை. அதுக்கு அந்த 14 நாள் பேச்சே கிடையாது, உடனே போடணும்.

அதனால இன்னைக்கே அப்பாவ ஜி.எச்.க்கு கூட்டிட்டுப் போங்க. டாக்டர்கிட்ட என்ன நடந்துதுன்னு அப்படியே சொல்லி ஏ.ஆர். காப்பில (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகல்) பதிய வைங்க. சிராய்ப்புதானேன்னு விடாதீங்க, நாலு நாள் போனா ஆறிரும், அப்புறம் காட்டறதுக்கு ஒண்ணும் இருக்காது.

கொங்குநாட்டு_ராதா:
வக்கீல் சார் சொல்றது சரிங்க. எனக்கு சில வருஷம் முன்னாடி செயின் அத்துட்டுப் போனாங்க, அந்த ஸ்டேஷன்ல கூட மொதல்ல மனு ரசீதோட அனுப்பப் பாத்தாங்க, எங்க மாமனார் நகர மாட்டேன்னு உக்காந்து எஃப்.ஐ.ஆர். காப்பி கையில வாங்கிட்டுத்தான் எந்திரிச்சாருங்க. வேற ஊர்ல ஒருத்தன் பிடிபட்டப்ப அவன்கிட்ட இருந்த நகையில என்னோடதும் இருந்துச்சு. எஃப்.ஐ.ஆர்.ல எடை, டிசைன் எல்லாம் இருந்ததாலதான் என்னோடதுன்னு தெரிஞ்சுதுங்க. ரசீதோட விட்டிருந்தா யாரு எங்கள கூப்பிட்டிருப்பாங்க சொல்லுங்க. கோர்ட்டுக்கு நாலஞ்சு தடவ போக வேண்டி வந்துச்சு, அது உண்மைதான், ஆனா அதுக்கு பயந்து யாரும் விடாதீங்க.

மேலமாசி_கடைக்காரர்:
எல்லாரும் சட்டம் பேசறீங்க, நடைமுறை என்ன? எஃப்.ஐ.ஆர். போட்டா மட்டும் பிடிச்சிருவாய்ங்களா? எங்க சந்துல போன மாசம் ஒருத்தன பசங்களே பிடிச்சு கம்பத்துல கட்டி நாலு சாத்து சாத்தினாய்ங்க, அதுல இருந்து ஒரு பய உள்ள வர்றதில்ல. வெளி மாநிலத்துக்காரங்க நெறைய வந்து தங்குறாய்ங்க, எவன் எவன்னு யாருக்கும் தெரியல. ராத்திரி பத்து பேரு கம்போட ரவுண்டு போங்க, ஒரே வாரத்துல சரியாகும். போலீஸ்லயும் முந்தி மாதிரி நல்லா அடிச்சு விசாரிச்சா பொருள் தன்னால வெளிய வரும், இப்பதான் மனித உரிமை அது இதுன்னு அவங்க கையக் கட்டிப் போட்டுட்டாங்க.

ரிட்டயர்டு_ஏட்டு:
தம்பி, நான் முப்பது வருஷத்துக்கு மேல காக்கி போட்டவன், அதனால இத சொல்ல எனக்கு உரிமை இருக்கு.

மொதல்ல அந்த ரைட்டர் ஏன் அப்படி எழுதச் சொன்னாருன்னு சொல்லிர்றேன், அத நியாயப்படுத்தல. மாசா மாசம் கிரைம் மீட்டிங் நடக்கும். உன் ஸ்டேஷன்ல எத்தன கேஸ், எத்தன கண்டுபிடிச்ச, எத்தன நிலுவைல இருக்குன்னு வரிசையா நிக்க வச்சு கேப்பாங்க. போன் பறிப்புல அஞ்சு எஃப்.ஐ.ஆர். போட்டு ஒண்ணுதான் கண்டுபிடிச்சேன்னா இன்ஸ்பெக்டருக்கு அந்த இடத்துலயே திட்டு விழும். ஒண்ணு மட்டும் போட்டு அந்த ஒண்ண கண்டுபிடிச்சா சபாஷ். அப்ப ஸ்டேஷன்ல என்ன பழக்கம் வரும்னு நீங்களே யோசிங்க. இதோட பந்தோபஸ்து, கோர்ட் டூட்டி, வி.ஐ.பி. ரூட்டு, திருவிழா. பாதி நாள் ஸ்டேஷன்ல ஆளே இருக்காது. மேல இருக்கறவங்க கேள்விய மாத்தாம கீழ இருக்கற ரைட்டர மட்டும் குத்தம் சொல்லி ஒண்ணும் ஆகாது. குறைவா கேஸ் பதிவானா குற்றம் குறைஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. பதிவு கூடினா குற்றம் கூடிருச்சுன்னு உடனே முடிவு பண்ணாதீங்கன்னு தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட (என்.சி.ஆர்.பி.) அறிக்கையிலயே எச்சரிச்சு வச்சிருக்காங்க.

ஆனா பதிவாகாததால உங்க ஏரியாவுக்குத்தான் நஷ்டம். எங்க பறிப்பு நடக்குது, எந்த நேரம், எந்த மாதிரி வண்டின்னு நாலு எஃப்.ஐ.ஆர். இருந்தாத்தான் அந்த நேரத்துக்கு அந்த ரோட்டுல ரோந்து போடணும்னு ஒருத்தர் கேக்க முடியும். எல்லாம் தொலைஞ்சு போன போனா இருந்தா யாரு ரோந்து போடுவா?

அடிக்கறதப் பத்தி. அடிச்சா வாயில இருந்து ஏதாவது வரும், அது உண்மையா இருக்கணும்னு ஒரு அவசியமும் இல்ல. வலி தாங்காம நான்தான் எடுத்தேன்னு சொல்லுவான், எங்க வச்சேன்னு ஒரு இடத்தையும் சொல்லுவான், அங்க போனா ஒண்ணும் இருக்காது, திரும்ப அடி. இது நான் பாக்காத விஷயம் இல்ல. தயவுசெஞ்சு இத தீர்வா சொல்லாதீங்க.

மடப்புரம்_வழி:
மேல கடைக்கார அண்ணன் சொன்னத வாசிச்சுட்டு சும்மா போக முடியல. நான் திருப்புவனம் பக்கம்.

2025 ஜூன் கடைசில எங்க மடப்புரம் காளி கோயில்ல காவலாளியா இருந்த அஜித்குமாருக்கு என்ன நடந்துச்சுன்னு நாட்டுக்கே தெரியும். கோயிலுக்கு வந்தவங்க கார்ல இருந்த நகை காணோம்னு ஒரு புகார். தனிப்படை வந்து கூட்டிட்டுப் போனாங்க. அங்க இங்கன்னு கொண்டு போய், கோயிலுக்குப் பின்னாடி வச்சு அடிச்சத ஒருத்தர் மறைஞ்சிருந்து செல்போன்ல எடுத்ததாலதான் அது வெளிய வந்துச்சு, இல்லன்னா வலிப்பு வந்து செத்துப் போனான்னு முடிச்சிருப்பாங்க. அஞ்சு போலீஸ்காரங்க கைதானாங்க, கேஸ் சி.பி.ஐ.க்கு போச்சு. ஹைகோர்ட் மதுரைக் கிளைல நீதிபதிங்க கேட்ட கேள்விகள்ல முக்கியமானது, முறையா வழக்குப் பதியாம யாரு உத்தரவுல தனிப்படை விசாரிச்சுதுங்கறதுதான்.

இதத்தான் எல்லாரும் புரிஞ்சுக்கணும். எஃப்.ஐ.ஆர். பறிகொடுத்தவங்களுக்கு மட்டும் இல்ல, சந்தேகத்துல மாட்டினவனுக்கும் அதுதான் பாதுகாப்பு. வழக்கு நம்பர் இருந்தா யாரு விசாரணை அதிகாரி, எப்ப கூப்பிட்டாங்க, எங்க வச்சிருந்தாங்கன்னு கேக்க இடம் இருக்கு. ஒண்ணுமே எழுதாம வாய்ச் சொல்லுல "கொஞ்சம் விசாரிச்சுட்டு அனுப்பறோம்"னு கூட்டிட்டுப் போனா, அந்த ஆளு போலீஸ் பொறுப்புல இருந்தான்னு நிரூபிக்கவே அவன் வீட்டுக்காரங்க போராடணும். பெரிய இடத்துப் புகார்னா எதுவும் எழுதாமலே தனிப்படை பறந்து வருது, வைகைக்கரை அண்ணன் அப்பா மாதிரி ஆளுக்கு எழுதிக் குடுத்தாலும் வாங்க மாட்டேங்கறாங்க. ரெண்டு இடத்துலயும் இல்லாதது அந்த ஒரு தாள்தான்.

பொருநை_வக்கீல்:
நல்லா சொன்னீங்க. எங்க பக்கத்து சாத்தான்குளத்த மறக்க முடியுமா. 2020 ஜூன்ல ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் ஊரடங்கு நேரத்துல கடை தெறந்து வச்சிருந்தாங்கன்னு சொல்லி கூட்டிட்டுப் போனாவ, ரெண்டு பேரும் உயிரோட திரும்பல. அங்க விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் கேமரா பதிவு தினம் தினம் தானா அழியற மாதிரி வச்சிருந்தாங்கன்னு ஹைகோர்ட்டுக்கு அறிக்கை குடுத்தாரு. அதே வருஷம் டிசம்பர்ல வேற ஒரு வழக்குல, எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா வைக்கணும், பதிவ 18 மாசம் வச்சிருக்கணும், அதுக்கு வசதி இல்லன்னா குறைஞ்சது ஒரு வருஷமாவது வைக்கணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. நடைமுறைல எத்தன இடத்துல இருக்குன்னு நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்ல.

கடைக்கார அண்ணாச்சிக்கு ரெண்டு விஷயம். போலீஸ்கிட்ட குடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டுல செல்லாது, வெள்ளக்காரன் காலத்துல இருந்து இதான் சட்டம், புதுச் சாட்சிய சட்டத்துலயும் 23ஆவது பிரிவா அப்படியேதான் இருக்கு. அவன் சொன்னத வச்சு பொருள எடுத்தா அந்த அளவுக்கு மட்டும் செல்லும். அதனால அடிச்சு வாங்குன வாக்குமூலத்த வச்சு கேஸ் நிக்காது. ரெண்டாவது, கண்ணு முன்னாடி பறிச்சவன பொதுமக்கள் பிடிக்கலாம், தப்பில்ல, ஆனா பி.என்.எஸ்.எஸ். 40ஆவது பிரிவுப்படி ஆறு மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல ஒப்படைச்சிரணும். கம்பத்துல கட்டி அடிச்சா அடிச்சவன் மேலதான் வழக்கு வரும், செத்துப் போனான்னா கொலை வழக்கு.

மேலமாசி_கடைக்காரர்:
கடைக்கு நாலு தடவ பூட்ட உடைச்சு உள்ள வந்திருக்காய்ங்க, ஒரு தடவ கூட சாமான் திரும்ப வரல. கோபத்துல பேசறேன்னு நெனைக்காதீங்க, யோசிச்சுத்தான் பேசறேன். போலீஸ் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போகுது, நாங்க என்னதான் பண்றது?

கொங்குநாட்டு_ராதா:
அண்ணா உங்க வருத்தம் புரியுதுங்க. ஆனா கம்போட சுத்தறது எங்க போய் முடியும்னு 2018ல பாத்தோமுங்க. புள்ள பிடிக்கறவங்க வந்திருக்காங்கன்னு வாட்ஸ்அப்ல பரவுச்சு, திருவண்ணாமலை மாவட்டத்துல குலதெய்வம் கோயிலத் தேடி வந்த சென்னை குடும்பம், வழில நின்ன புள்ளைங்களுக்கு சாக்லேட் குடுத்தாங்கங்கறதுக்காக வயசான அம்மாவ அடிச்சே கொன்னுட்டாங்க. அடிச்ச யாரும் ரவுடி இல்லீங்க, நம்மள மாதிரி ஊர்க்காரங்கதான். எங்க ஊர்ல பனியன் கம்பெனி, மில்லு எல்லாம் வெளி மாநிலத்து ஆளுங்கள வச்சுத்தான் ஓடுது. சம்பள நாள்ல அவங்க போனையும் காசையும் நம்ம ஊர் பசங்க பிடுங்கறதும் நடக்குதுங்க, பாஷை தெரியாம, எங்க போய் சொல்றதுன்னு தெரியாம பேசாம போயிடறாங்க. அவங்க புகாரெல்லாம் மனு ரசீது கூட ஆகறதில்ல.

டெலிவரி_தம்பி:
அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. எங்க கூட ஓட்டற பீகார் பையன் ஒருத்தன்கிட்ட ராத்திரி கத்திய காட்டி பிடுங்கினாங்க, ஸ்டேஷனுக்கு போலாம் வாடான்னா வர மாட்டேங்கறான், என்னையே உள்ள வச்சிருவாங்கன்னு பயப்படறான்.

ரிட்டயர்டு_ஏட்டு:
கடைக்காரர் கேட்டதுக்கு என்னால முடிஞ்ச பதில். ராத்திரி ரோந்து போற போலீஸ் கையெழுத்து போடறதுக்குன்னு பட்டா புக் உண்டு. உங்க கடைத்தெருவுல ஒரு பட்டா புக் வைக்கச் சொல்லி சங்கம் சார்பா எழுதிக் குடுங்க, வாரா வாரம் யாராவது ஒருத்தர் அதப் புரட்டிப் பாருங்க, கையெழுத்து இல்லாத ராத்திரிய குறிச்சு வச்சு உதவி கமிஷனர்கிட்ட காட்டுங்க. கம்பு வேணாம், இதுக்கு பதில் சொல்லியே ஆகணும் அவங்க. வெளியூர் போறவங்க பூட்டின வீடுன்னு ஸ்டேஷன்ல சொல்லிட்டுப் போங்க.

கேமரா வைக்கிறவங்க வாசல் கதவ மட்டும் பாக்கற மாதிரி வைக்காதீங்க, ஒண்ணாவது ரோட்டப் பாக்கணும். வண்டி ஹெட்லைட்டு நேரா விழற மாதிரி வச்சா ராத்திரில நம்பர் பிளேட்டு வெள்ளையா பொரிஞ்சு போகும், கொஞ்சம் பக்கவாட்டுல வைங்க. எங்க ஆளுங்க ஒரு பறிப்பு கேஸ்ல பைக் போன வழிய தெருத் தெருவா கேமரா பாத்துத்தான் பிடிப்பாங்க, நடுவுல ஒரு தெருவுல கேமரா ஓடலன்னா அங்கயே நின்னு போகும்.

வைகைக்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவ ஜி.எச்.ல காட்டி ஏ.ஆர். காப்பி வாங்கியாச்சு. முக்கு வீட்டு கேமராவுல பைக் போறது தெரியுது, நம்பர் முழுசா இல்ல, கடைசி ரெண்டு எண்ணு தெரியுது. வக்கீல் சார், மனுல என்னென்ன இருக்கணும், திரும்பவும் வாங்க மாட்டேன்னா என்ன பண்ணணும்னு சொன்னீங்கன்னா அப்படியே எழுதிருவேன். பக்கத்துத் தெருவுல தொலைஞ்சதா எழுதிக் குடுத்தவங்களும் இப்ப திரும்ப மனு குடுக்கலாமான்னு கேக்கறாங்க.

பொருநை_வக்கீல்:
மனு அப்பா பேர்ல, அப்பா கையெழுத்துல இருக்கட்டும். தேதி, நேரம், இடம் (பக்கத்துல என்ன கடை, எந்த மின்கம்பம்), பைக் எந்தப் பக்கத்துல இருந்து வந்து எந்தப் பக்கம் போச்சு, ரெண்டு பேரும் என்ன போட்டிருந்தாங்க, போன் மாடல், ஐ.எம்.ஈ.ஐ., பில் காப்பி. முக்கியமா "போனை விடாமல் பிடித்ததால் என்னைக் கீழே தள்ளிவிட்டு எடுத்துச் சென்றார்கள், காயம் ஏற்பட்டது, அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றேன்"னு வரணும். ஏ.ஆர். காப்பி இணைங்க. போனோட விலைய குறைச்சுப் போடாதீங்க, 5,000 ரூபாய்க்குக் கீழ உள்ள சாதாரண திருட்டு, போலீஸ் தானா எஃப்.ஐ.ஆர். போட முடியாத பட்டியலுக்குப் போயிரும், உங்களோடது வழிப்பறின்னாலும் அதச் சொல்லிக் குழப்ப இடம் குடுக்க வேண்டாம்.

வாங்க மறுத்தா சண்டை போடாதீங்க. அதே மனுவ எஸ்.பி.க்கு, நகர எல்லைன்னா கமிஷனருக்கு, ஒப்புகையோட ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, இது 173(4)லயே சொல்லியிருக்கற வழி. அதுக்கும் அசையலன்னா 175(3)ல மாஜிஸ்திரேட்டுக்கு பிரமாண பத்திரத்தோட மனு, அப்ப இந்த தபால் ரசீது கட்டாயம் வேணும். ஆன்லைன்லயும் அனுப்பலாம், ஆனா மூணு நாளைக்குள்ள நேர்ல போய் கையெழுத்து போட்டாத்தான் பதிவாகும். எஃப்.ஐ.ஆர். காப்பி இலவசம், கேட்டு வாங்குங்க.

முன்னாடி எழுதிக் குடுத்தவங்களும் குடுக்கலாம். பழைய ரசீது நம்பரக் குறிப்பிட்டு, அன்னைக்கு என்ன நடந்துச்சு, ஏன் அப்படி எழுத வேண்டி வந்துதுன்னு உள்ளத உள்ளபடி எழுதி தனித்தனியா மனு குடுக்கணும், ஒரே மனுல எல்லாரும் சேந்து கையெழுத்து போட்டா அது ஒரே மனுவாத்தான் போகும். பழைய தாள வச்சு கேள்வி கேப்பாங்க, அதுக்கு அவங்க தயாரா இருக்கணும். ஆனா நாலு மனுவும் ஒரே வாரத்துல, ஒரே ரோட்டப் பத்தி, ஒரே நேரத்தச் சொல்லி வந்தா யாரும் தட்டிக் கழிக்கறது கஷ்டம்.

ரிட்டயர்டு_ஏட்டு:
அந்த முக்கு வீட்டு கேமரா பதிவ இன்னைக்கே பென் டிரைவ்ல ஏத்தி வைங்க தம்பி, பதினஞ்சு நாள் ஆனா பெட்டில பழசு மேல புதுசு பதிஞ்சு போயிரும். பெட்டில இருக்கறத அழிக்க வேணாம்னும் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிருங்க, பின்னாடி கோர்ட்டுக்கு சர்டிபிகேட் அவருதான் குடுக்கணும். பைக்கோட நேரத்த குறிக்கும்போது கேமராவுல காட்டற நேரமும் உண்மையான நேரமும் ஒண்ணா இருக்கான்னு பாத்து, எத்தன நிமிஷம் வித்தியாசம்னு மனுலயே எழுதிருங்க. பத்து மணிக்கு மேல போனீங்கன்னா எஸ்.ஐ. இருப்பாரு, ரைட்டர்கிட்ட குடுக்காம அவர்கிட்டயே நேரா குடுங்க.